கரண்ட் பில் அவர்களுடையது, வீடு உங்களுடையது

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடன் வாங்கி மாடி எடுத்து, "கீழே நாங்க, மேலே வாடகைக்கு" என்று திட்டம் போடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் செவிலியர், விழுப்புரம் ஜங்ஷனில் டூட்டி பார்க்கும் ரயில்வேக்காரர், கல்லூரி வாத்தியார் என்று குடி வருகிறவர்களுக்கும் குறைவில்லை. வயரிங் வேலையில் தலை நரைத்தவன் நான். சொந்தமாகச் சில போர்ஷன்களை வாடகைக்கும் விட்டிருக்கிறேன். புதிதாக வாடகைக்கு விட வரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது "அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?" என்பதுதான். "இந்த வீட்டில் குடியிருப்பவருக்குக் கரண்ட் பில் எவ்வளவு வரும்?" என்று யாரும் கேட்டதில்லை.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியைச் சட்டமே கேட்கிறது. அங்கே வீடுகளுக்கு ஏ முதல் ஜி வரை மின்சாரம், எரிவாயு செலவை வைத்துத் தரம் போடுகிறார்கள். 2018 ஏப்ரல் முதல் ஈ தரத்துக்குக் கீழான வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. 2020 ஏப்ரலில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடுகளும் அந்த விதிக்குள் வந்துவிட்டன. பிரான்ஸில் 2025 ஜனவரி 1 முதல் ஜி தர வீட்டுக்குப் புது வாடகை ஒப்பந்தம் போட முடியாது. நம் ஊரில் வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2018 டிசம்பரில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புகளுக்கு ஒரு விதித் தொகுப்பு கொண்டுவந்தது. அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு எழுதப்பட்டது, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. நம்மிடம் இருப்பது 1,200 சதுர அடி, மிஞ்சினால் ஒரு கிரவுண்டு. ஆகவே நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. ஃபேன், பல்பு, தளம், வயர் எல்லாவற்றையும் வாங்குவது வீட்டுக்காரர். அதற்கான பில்லைக் கட்டுவது குடியிருப்பவர். மலிவானதை வாங்கி மாட்டிவிட இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா? அதனால்தான் சொல்கிறேன்.

1. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் மிச்சமாகும் பணம் அதிகம். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் 2016 மே முதல் இலவசம். 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம், கணக்குப் போட வசதி. 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50 தான். அதற்கு மேல் 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கும் மேலே 11. 2024 ஜூலையில் இது 4.83 சதவீதம் ஏறியது. படிக்கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

மூன்று குடும்பம், ஆளுக்கு 250 யூனிட். தனித்தனி மீட்டர் என்றால் தலைக்கு 450 ரூபாய், மூன்றும் சேர்ந்து 1,350. அதே மூன்று குடும்பமும் ஒரே இணைப்பில் சப் மீட்டர் போட்டு ஓட்டினால் மொத்தம் 750 யூனிட், பில் 4,100 ரூபாய். எரிந்தது அதே கரண்ட்தான். ஒரு யூனிட் கூட அதிகம் ஓடவில்லை, 2,750 ரூபாய் சும்மா போகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

கட்டும்போதே மீட்டர் போர்டில் மூன்று இணைப்புக்கு இடம் விட்டு, மாடிக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள். பிறகு சுவரை உடைப்பது இரட்டைச் செலவு. ஆனால் ஒரே குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மீட்டர் வைத்து இலவச யூனிட்டை இரண்டு தடவை வாங்கலாம் என்று யோசிக்காதீர்கள். மின் வாரியம் வந்து பார்க்கும். வாடகை ஒப்பந்தம் எங்கே என்று கேட்கும்.

2. கரண்ட்டில் லாபம் பார்க்காதீர்கள். சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வசூலித்து, 100 யூனிட் இலவசத்தையும் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அரசு அந்த மானியத்தைக் கொடுப்பது எரிப்பவருக்கு. வாடகை பத்தவில்லை என்றால் வாடகையைக் கூட்டிக் கேளுங்கள், அது நேர்மையான பேச்சு. தவிர்க்க முடியாமல் சப் மீட்டர்தான் என்றால், வந்த பில்லை அப்படியே காட்டி, ஓடிய யூனிட் விகிதத்தில் பிரித்து வாங்குங்கள்.

3. மொட்டை மாடிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். கத்திரி வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு மாடி போர்ஷனுக்குப் போய், சுவரைத் தொடுங்கள், பிறகு ஸ்டூல் போட்டு ஏறித் தளத்தின் அடிப்பக்கத்தைத் தொடுங்கள். தளம்தான் அதிகமாகச் சுடும். வாங்கிய சூட்டைக் கான்கிரீட் உடனே விடாது. இரவு பத்து, பதினொன்று வரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கும். அதனால்தான் மேல் வீட்டில் குடியிருப்பவர் பொழுது சாய்ந்த பிறகும் ஏ.சி.யை நிறுத்துவதில்லை. ஃபேன் போட்டால் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் அது கீழே தள்ளும்.

நான் சொன்ன அந்த மத்திய விதித் தொகுப்பு தளத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு சதுர மீட்டர் தளத்தில், உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது. வெறும் கான்கிரீட் இந்த அளவுக்குக் கிட்டவே வராது. அந்தக் காலத்தில் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து, தட்டோடு பதித்தார்கள். மழை ஒழுகாமல் இருக்க என்று நினைக்கிறோம்; வெயிலுக்கும் அதுதான் குடை. இப்போது நேரம் இல்லை, ஆள் இல்லை என்று அதை விட்டுவிட்டார்கள்.

புது வீடு என்றால் தளத்துக்கு மேலே ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். வெப்பத்தடுப்புப் பலகை போட்டு, அதன்மேல் சாய்வு கொடுத்துக் கலவை போட்டு, வெள்ளை ஓடு பதித்துவிடுங்கள். பழைய வீடு என்றால் கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட்டிங். அதற்கும் காசில்லையா, நல்ல சுண்ணாம்பைப் பசை கலந்து அடியுங்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஒன்றிரண்டு மழையில் கரையும், தூசி படியும், ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் மாதத்தில் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு நாள் வேலை. தெலங்கானா 2023-ல் இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. நமக்குக் கொள்கை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஓட்டை அடைக்கிறேன் என்று கறுப்புத் தார் ஷீட் ஒட்டி அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைவிடக் கெடுதல் கிடையாது. ஒட்டினால் அதன்மேல் வெள்ளையோ வெள்ளிப் பூச்சோ அடித்தாக வேண்டும்.

4. ஜன்னல் இருந்தால் போதாது, திறக்க வேண்டும். கடலோரப் புழுக்கப் பகுதிக்கு அதே விதித் தொகுப்பு சொல்வது, திறக்கக்கூடிய கதவு ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது. 600 சதுர அடி போர்ஷனுக்கு 100 சதுர அடி. இழுக்கும் கண்ணாடி ஜன்னல் போட்டால் பாதிதான் திறக்கும், அதைப் பாதியாகவே எண்ணுங்கள். நமக்கு மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். திண்டிவனத்துக்கு மரக்காணம் பக்கம்தான். கிழக்கே ஒரு வழி, எதிரே மேற்கே ஒரு வழி இருந்தால் காற்று நுழைந்து வெளியேறும். மேற்கு ஜன்னலுக்கு நீளமான சன்ஷேடு போடுங்கள்.

இவ்வளவும் செய்து கொசுவலை அடிக்காவிட்டால் ஒன்றுக்கும் ஆகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு, வெளியே குளிரத் தொடங்கும் நேரம் பார்த்து, கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். பகல் முழுக்கச் சேர்ந்த சூடு உள்ளேயே நிற்கும். வலை குடியிருப்பவர் வேலை என்று விடாதீர்கள். வாடகைக்கு வந்தவர் உங்கள் ஜன்னலில் ஆணி அடிக்கத் தயங்குவார்.

5. ஃபேன் நீங்கள் மாட்டிக் கொடுப்பதாக இருந்தால் நல்லதாக மாட்டுங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்குள் முடித்துவிடும். இந்த வித்தியாசத்தை உங்கள் மீட்டரிலேயே பார்க்கலாம். மீட்டர் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அதன்மேலேயே அச்சடித்திருக்கும். 3,200 என்று இருந்தால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துப் பழைய ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். நிமிடத்துக்கு நான்கு முறை மினுக்கும். புதிய ஃபேனுக்கு இரண்டு கூட வராது.

ஒரு ஃபேன் நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். இரண்டு ஃபேனுக்கு 86. குடும்பம் 540 யூனிட் எரித்துக்கொண்டிருந்தால், முன்னே சொன்ன கட்டணத்தில் 2,270 ரூபாய் பில். அது 454-க்கு இறங்கினால் 1,449. எண்ணூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருவது 500 என்ற கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுவதால். அந்தக் கோட்டில் ஒற்றை யூனிட் 233 ரூபாய்க்குச் சமம்: 500-க்கு 1,725, 501-க்கு 1,958. ஃபேன் விலையை ஈடுகட்ட வாடகையில் நூறு ரூபாய் சேர்த்துக் கேளுங்கள், கணக்கைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். டியூப் லைட்டு இன்னும் பழைய சோக்கு மாடலாக இருந்தால் கழற்றி எறியுங்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

6. வயரிங்கில் கை வைத்துப் பாருங்கள். பழைய வீட்டை இரண்டு மூன்று போர்ஷனாகப் பிரிப்பவர்களுக்கு இது முக்கியம். மீட்டரைத் தனியாகப் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடும் எலக்ட்ரீஷியன்கள் நிறைய. காரணமே தெரியாமல் டிரிப்பர் விழும், ஒரு வீட்டு ஓட்டம் இன்னொரு வீட்டு மீட்டரைத் தொடும், கீழ் வீட்டுக்காரரும் மேல் வீட்டுக்காரரும் ஆண்டுக்கணக்கில் சண்டை போடுவார்கள். சோதிக்க எளிய வழி: ஒரு வீட்டு மெயினை இறக்குங்கள். அந்த வீட்டு மீட்டர் மினுக்குவது நிற்க வேண்டும். அடுத்த வீட்டில் எதுவும் அணையக் கூடாது, மங்கக் கூடாது. மெயின் ஏறியிருந்து எல்லாப் பொருளையும் பிளக்கிலிருந்து கழற்றிய பிறகும் மினுக்கினால் எங்கோ கசிவு. கசிகிற கரண்ட்டுக்கும் காசு உண்டு, ஈரச் சுவரைத் தொட்டால் உயிருக்கும் ஆபத்து.

ஒவ்வொரு போர்ஷனுக்கும், கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். எர்த் குழியில் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் எத்தனையோ தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர். தரையோரம் பிளக் பாயிண்ட் வைத்த வீடுகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாழ்ந்த தெருவில் வீடு என்றால் பிளக், மீட்டர் போர்டு எல்லாவற்றையும் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

7. ஏ.சி. கூடாது என்று போர்டு மாட்டாதீர்கள். இன்று இரவு டூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர் ஏ.சி. இல்லாமல் குடிவர மாட்டார். ஏ.சி. பாயிண்டை உங்கள் செலவில் போட்டுவிடுங்கள்: மெயினிலிருந்து தனி 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி., தண்ணீர் வடிய பைப், வெளி யூனிட்டுக்கு வெயில் படாத இடம். இல்லாவிட்டால் வருகிறவர் ஒவ்வொருவரும் உங்கள் சுவரில் புதிதாக ஓட்டை போடுவார். ஏ.சி.யையே நீங்கள் வாங்கிக் கொடுப்பதானால் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் முத்திரையில் உள்ள ஆண்டையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது உயர்த்துகிறார்கள், பழைய ஸ்டாக்கின் ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு மூன்றோ நான்கோதான்.

8. மோட்டாரும் மாடிப்படி விளக்கும் யார் மீட்டரில்? இதைத் தெளிவாக்காமல் விட்டால் தண்ணீர்ப் பிரச்சினை கரண்ட் பிரச்சினையாக மாறும். பொது மீட்டர் தனியாக இருந்தால் அதற்கு இலவச யூனிட் இல்லை. 2022-ல் யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள், பெரிய கூச்சல் எழுந்தது. 2023 நவம்பர் முதல் பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு அதை 5.50 ஆகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் அந்த வகையில் வந்தும் பழைய வீதத்தில் பில் வருகிறதா என்று பாருங்கள். மேல்தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போடுங்கள். தொட்டி நிரம்பி வழிந்து மாடியிலிருந்து அருவி கொட்டும் வீட்டில் தண்ணீரோடு கரண்ட்டும்தான் ஓடுகிறது.

9. சோலார். 2024-ல் வந்த பிரதமர் சூர்யகர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம், போடுங்கள். ஆனால் பலகை எந்த இணைப்பில் சேர்கிறதோ அந்த மீட்டரில்தான் கழியும். "மாடியில் சோலார் இருக்கு, உங்களுக்கும் பில் குறையும்" என்று மூன்று குடும்பத்துக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

10. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது, குடியிருப்பவரின் ஆதாரைச் சேர்த்தால் வீடே கைமாறிவிடும் என்று வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். மின் இணைப்பு எண் வீட்டுப் பத்திரம் ஆகாது. அந்தப் பயத்தில் தனி மீட்டரே வேண்டாம் என்று இருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். முதல் புத்திமதியில் சொன்ன 2,750 ரூபாயை அவர்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது கட்ட வைக்கிறார்கள்.

11. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. எழுதிய ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணத்துக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பழுதுவேலைகளையும் அது பிரித்து வைத்திருக்கிறது: வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. சுவிட்ச், பிளக், கீசர், குழாய் வாஷர் போன்ற சில்லறை ரிப்பேர் குடியிருப்பவருக்கு. தளத்துக்கு எப்போது வெள்ளையடிப்பீர்கள் என்பதையும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வாடகை பாக்கி என்று ஃபியூஸைப் பிடுங்காதீர்கள். மின்சாரம், தண்ணீர் இரண்டையும் நிறுத்தி வைக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வாடகை அதிகாரியிடம் போக வேண்டியவர் நீங்களாக இருக்க, குடியிருப்பவர் உங்கள்மேல் மனு கொடுப்பார்.

12. குடி வரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் மீட்டரைப் போட்டோ எடுங்கள், இணைப்பு எண் தெரியும்படி. விழுப்புரம் மண்டலத்துக்கு அது 02-ல் தொடங்கும். ரீடிங் எடுக்கும் நாளும் வீடு மாறும் நாளும் ஒன்றாக வருவது அபூர்வம். ஒருவர் பாதியில், 30 நாளில், 180 யூனிட் எரித்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். 100 இலவசம், மீதி 80-க்கு அதே 2022 கட்டணத்தில் 180 ரூபாய் என்று வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால், அடுத்து வருபவரும் அதே 180 எரித்தாலும் அவர் தலையில் 765 ரூபாய் விழும். இலவசம் முழுவதையும் பாதி விலை யூனிட்டில் பெரும்பகுதியையும் முன்னவரே சாப்பிட்டுவிட்டார். மொத்த பில் 945 ரூபாய், யூனிட்படி ஆளுக்கு 472.50. ஆகவே அன்றைக்கே கணக்கை முடிக்க அவசரப்படாமல், அட்வான்ஸில் ஆயிரம் ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து மீதியைச் சாவி வாங்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். பில் வந்ததும் படம் எடுத்து அனுப்பி, பிரித்து, பாக்கியை ஜி-பேயில் போட்டுவிடலாம்.